பிரசவ வார்டில் கேட்காத குரல்

(மும்பையில் நமது சங்கத்தின் மகளிர் பிரிவு மே மாதம் நடத்திய கூட்டத்தில், மருத்துவமனைகளிலும் நர்ஸிங் ஹோம்களிலும் பிரசவம் பார்க்கும் பணியில் உள்ள தமிழ்ப் பெண்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

மே மாதம் உழைப்பாளிகளின் மாதம். முதல் தேதி தொழிலாளர் தினம். 5-ஆம் தேதி உலக மருத்துவச்சியர் தினம். 12-ஆம் தேதி உலகச் செவிலியர் தினம். முதல் தேதிக்குக் கொடி ஏற்றுகிறோம், ஊர்வலம் போகிறோம். மற்ற இரண்டு தேதிகளும் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மருத்துவமனை நிர்வாகம் ஒரு கேக் வெட்டும். ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுக்கும். "நீங்களெல்லாம் வெள்ளுடை தேவதைகள்" என்று ஒருவர் பேசுவார். தேவதைக்குச் சம்பளம் எதற்கு, ஓய்வு எதற்கு? ஆகவே தேவதைப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, தொழிலாளிகளாக உங்கள் முன் நிற்கிறோம்.

இந்தச் சங்க மேடையில் தோல் பதனிடும் தொழிலாளரின் பிரச்சினையைப் பேசியிருக்கிறோம். மில் மூடியதைப் பேசியிருக்கிறோம். குடிசை இடிப்பைப் பேசியிருக்கிறோம். பிரசவ வார்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஏன்? அதை ஒரு தொழிற்கூடமாக யாரும் நினைப்பதில்லை. அது பெண்கள் சமாச்சாரம், வெளியில் பேசக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்த அறையின் வாசலில் ஓர் இரவாவது காத்துக் கிடந்திருக்கிறது. உள்ளே நடப்பது உங்கள் பிரச்சினை. அதனால்தான் பேச வந்திருக்கிறோம்.

எது அந்த வேதனை?

எங்கள் வேலையில் உடம்பு வலிக்கும். எட்டு மணி நேரம், பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம், நின்றபடியே வேலை. கால் வீங்கும், இடுப்பு ஒடியும். அந்த வலி தூங்கினால் போய்விடும். அதைப் பற்றி இன்று நாங்கள் பேசவில்லை.

வேறொரு வலி இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு இன்னது செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். படித்திருக்கிறோம், ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்துக் கை பழகியிருக்கிறது. ஆனால் அதைச் செய்யவிடாமல் மேலிருந்து ஒரு கை தடுக்கிறது. நேரம் இல்லை, ஆள் இல்லை, மருந்து இல்லை, மேலிடத்து உத்தரவு இல்லை. சில சமயம் செய்யக் கூடாததைச் செய் என்று உத்தரவே வருகிறது. செய்ய மறுத்தால் வேலை போகும். செய்தால் மனச்சாட்சி போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாளே ஒருத்தி, அவள் படும் பாடுதான் நாங்கள் சொல்லும் வேதனை.

இதற்கு 1984-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர், செவிலியர் பணியின் அறநெறி பற்றி எழுதிய நூலில் ஒரு பெயர் கொடுத்தார். சரியானது எது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது உண்டாகும் துன்பம் என்று விளக்கம் சொன்னார். தமிழில் நாம் மனச்சாட்சியின் வேதனை என்று சொல்லிக்கொள்வோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோய் செவிலியரின் மனதில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. காரணம் நிறுவனத்தில் இருக்கிறது என்றார். இன்று சில நிர்வாகங்கள் எங்களுக்குத் தியான வகுப்பு நடத்துகின்றன. மூச்சை இழுத்து விடு, மனம் லேசாகும் என்கிறார்கள். நல்லதுதான், மூச்சை விடுகிறோம். ஆனால் வகுப்பு முடிந்து வார்டுக்குத் திரும்பினால் மூன்று மேஜையில் மூன்று பெண்கள் முக்கிக்கொண்டிருக்கிறார்கள்; பார்ப்பதற்கு ஒரே ஒருத்தி. ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியுமா, தோழர்களே?

தமிழ் பேசுகிறவள் என்பதாலேயே

எல்லா ஊர் மருத்துவச்சிகளுக்கும் பொதுவான வேதனைகளைப் பிறகு சொல்கிறோம். முதலில், பிழைக்க வந்த இடத்தில் நமக்கென்றே உள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கமிருந்தோ, விழுப்புரம் பக்கமிருந்தோ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத பெண் வலியோடு வருகிறாள். மராத்தி தெரியாது. இந்தியில் "பானி", "பஸ்" என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். புருஷனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே யார் என்ன கேட்டாலும் அவளுக்குப் புரியவில்லை. முக்காதே என்கிறார்கள், முக்குகிறாள். முக்கு என்கிறார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். "இவளுக்கு மூளையில்லை" என்று ஒரு சத்தம் எழுகிறது. அப்போது யாரோ சொல்வார்கள்: "அந்த மதராஸி சிஸ்டரைக் கூப்பிடு."

நாங்கள் போகிறோம். "பயப்படாதே தாயி, நான் இருக்கேன்" என்ற ஒரு வார்த்தை தமிழில் விழுந்ததும் அந்தப் பெண் எங்கள் கையைப் பிடிக்கிறாளே, அந்தப் பிடியை இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு விளக்க முடியாது. அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறோம் என்றுகூடத் தோன்றும்.

அடுத்த நிமிஷம் எங்கள் கையில் ஒரு காகிதத்தைத் திணிக்கிறார்கள். "கையெழுத்து வாங்கு."

காகிதம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருக்கிறது. தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்யச் சம்மதம் என்பது ஒன்று. பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பையில் காப்பர்-டி வைக்கச் சம்மதம் என்பது இன்னொன்று. மூன்றாவது பிரசவம் என்றால் கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதம். ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷமாவது வேண்டும். எதற்கு இது, செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் பின்னாலிருந்து குரல் வரும்: "கதை சொல்லாதே. அவளைப் பயமுறுத்தாதே. சீக்கிரம் வாங்கு."

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் தெரியுமா? "அக்கா, எனக்கென்ன தெரியும். நீங்க சொன்னா சரி" என்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் நம்பியது டாக்டரையோ நிர்வாகத்தையோ இல்லை. தாய்மொழியை நம்பினாள். அக்கா என்ற உறவை நம்பினாள். அந்த நம்பிக்கையை எங்கள் கையால் பறித்து, நிர்வாகத்தின் காகிதத்தில் ஒட்டச் சொல்கிறார்கள். இதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் தலைப்புக் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் உதிரப்போக்கோடு வந்து, "அக்கா, எனக்கு என்ன வெச்சாங்க?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய முகம் எங்கள் முகம்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிக்குப் போதுமான விவரம் சொல்லி, அவர் தாமாகக் கொடுக்கும் சம்மதமே சம்மதம் என்று 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கருத்தடை ஆபரேஷனைப் பொறுத்தவரை, பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ கையெழுத்து வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் நெறிமுறையே சொல்கிறது. நெறிமுறை அலமாரியில் இருக்கிறது. வலி மேஜையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

கூட்டம் பெருகியது, கைகள் பெருகவில்லை

நடந்த நன்மையை மறைக்கக் கூடாது. 2005-06-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 39-தான் மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 89 ஆக உயர்ந்தது. பிரசவத்தால் இறந்த தாய்மார் 2001-03-இல் லட்சம் பிறப்புக்கு 301 பேர். 2018-20-இல் 97 பேர். இது பெரிய சாதனை. இந்தச் சாதனையில் கிராமத்துத் துணைச் செவிலியரின் கால்தேய்ந்த நடை இருக்கிறது; ஆஷா ஊழியரின் தூக்கம் கெட்ட இரவு இருக்கிறது.

ஆனால் பிரசவத்துக்குப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்த வேகத்தில், மருத்துவமனைக்குள் ஆட்களைச் சேர்த்தார்களா? இல்லை. ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடவில்லை. போட்டாலும் ஒப்பந்தம், பதினோரு மாதம். தமிழ்நாட்டில் 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து போராடினார்களே, அப்போது அவர்கள் வாங்கிய சம்பளம் மாதம் 7,700 ரூபாய். தாயையும் சேயையும் காப்பாற்றும் கைக்கு அதுதான் விலை.

கை குறைந்தால் என்ன நடக்கும்? முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு நேரம் வேண்டும். கர்ப்பப்பை வாய் தானாகத் திறக்க வேண்டும். நடக்கவிட வேண்டும், இடுப்பை நீவிவிட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பேச வேண்டும். இது எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும். இன்றைய மருத்துவ நூலும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் மேஜை காலியாக வேண்டும். ஆகவே வலி வரவழைக்கும் ஊசியை ஏற்று என்கிறார்கள். வயிற்றை மேலிருந்து அமுக்கு என்கிறார்கள். வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் ஒன்றுபோலக் கத்தரி வைத்துத் தையல் போடு என்கிறார்கள். வயிற்றை அமுக்குவது கூடாது, எல்லோருக்கும் கத்தரி வைப்பதும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. அதைப் படித்தவளும் அந்த வார்டில்தான் நிற்கிறாள். படித்ததால் அவளுக்கு வலி இரட்டிப்பு.

பிரசவ நேரத்தில் அந்தப் பெண் விரும்பும் ஒரு துணை, தாயோ மாமியோ அக்காவோ, கூட இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-இல் வழிகாட்டியது. 2017 டிசம்பரில் லக்ஷயா என்ற திட்டம் தொடங்கி, பிரசவ அறையில் பெண்ணை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று அறிவித்தது. நல்ல வார்த்தைகள்தான். இரண்டு மேஜைக்கு நடுவில் ஒரு திரைச்சீலை கட்ட இடமில்லாத அறையில், துணைக்கு வந்தவள் எங்கே நிற்பாள்? மரியாதைக்கும் சதுர அடி வேண்டும், தோழர்களே.

பணத்துக்குப் பிறக்கும் குழந்தை

தனியார் நர்ஸிங் ஹோம்களில் வேறு விதமான நெருக்கடி. அங்கே கூட்டம் குறைவு, சுவர் பளபளப்பு. ஆனால் 2019-21 கணக்கெடுப்பைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 14 சிசேரியன். தனியாரில் நூற்றுக்கு 47. தமிழ்நாட்டில் தனியாரில் மட்டும் நூற்றுக்கு 64. ஒரே நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு, பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் சுருங்கிவிடுமா?

தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சிசேரியன் உயிர் காக்கும் ஆபரேஷன். குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி வாயை அடைத்திருந்தால், குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. வேண்டிய பெண்ணுக்கு ஆபரேஷன் கிடைக்காமல் போவதும் எங்களுக்கு வேதனைதான். வேண்டாத பெண்ணுக்கு, "தண்ணீர் வற்றிப்போச்சு, கொடி சுத்தியிருக்கு" என்று பயம் காட்டி மேஜையில் ஏற்றும்போது, இன்னும் நாலு மணி நேரம் பொறுத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று கை வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்க முடியாது. ஏன்?

அவளுடைய சான்றிதழை வாங்கி நிர்வாகம் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும். அவள் தங்குவது நிர்வாகத்தின் விடுதியில். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அவள் அனுப்பும் பணம்தான் வட்டி. தனியார் மருத்துவமனைச் செவிலியர் சம்பளம் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அதன்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதில் பாதி சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வறுமையும் மௌனமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. சம்பளத்தைக் குறைத்துப் பிடித்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்பது முதலாளிக்குத் தெரியும்.

இலக்கு என்ற அரக்கன்

மனச்சாட்சிக்கு எதிராக உத்தரவு போடும் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நடந்த நெருக்கடி நிலையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1976-77 ஓராண்டில் மட்டும் நாடு முழுதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. ஆள் பிடித்துக் கொடுக்காத ஆசிரியருக்கும் சுகாதார ஊழியருக்கும் சம்பளம் நிறுத்தப்பட்டது. மூன்று குழந்தை பெற்றவருக்குக் கட்டாயக் கருத்தடை என்று 1976-இல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றிய மாநிலம் எது தெரியுமா? நாம் வாழும் இதே மகாராஷ்டிரம்தான். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. அதே 1976 மே மாதத்தில்தான் நம் தமிழ் மக்கள் நிறைந்திருந்த ஜனதா காலனியை இடித்து, சீட்டா கேம்புக்கு விரட்டினார்கள். வீடும் நமதில்லை, உடம்பும் நமதில்லை என்ற காலம் அது.

1977-க்குப் பிறகு என்ன ஆயிற்று? ஆண்களைப் பிடித்தால் ஆட்சி கவிழும் என்று ஆள்வோர் கற்றுக்கொண்டார்கள். பாரம் முழுவதையும் பெண்கள் மேல் இறக்கினார்கள். இத்தனை "கேஸ்" கொண்டுவா என்று துணைச் செவிலியர் தலையில் இலக்கைக் கட்டினார்கள். காலையில் தடுப்பூசி போட்ட குழந்தையின் தாயிடமே மாலையில் போய், ஆபரேஷனுக்கு வா என்று கெஞ்ச வேண்டும். அவளைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தியது. 1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்குகளை ரத்து செய்தது. காகிதத்தில் ரத்தானது, மாதாந்தரக் கூட்டத்தில் "எதிர்பார்க்கப்படும் அளவு" என்ற புதுப்பெயரில் அதே கேள்வி தொடர்ந்தது.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். அதைத் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஏழைக் குடும்பத்து இளம் தாய்மார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. முகாமுக்கு அந்தப் பெண்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போன ஊழியர்களும் அதே கிராமங்களில்தான் வாழ வேண்டும். இறந்தவளின் பிள்ளை தெருவில் விளையாடுவதைத் தினம் பார்க்க வேண்டும். அந்த மனதுக்கு நிவாரணம் எந்த விசாரணைக் கமிஷனிலும் இல்லை.

காகிதம் இல்லாத தாய்

இன்னொரு வேதனை, பதிவு மேஜையில் நடப்பது. "ஆதார் எந்த ஊர்? ரேஷன் கார்டு எங்கே? சாதிச் சான்றிதழ் இந்த மாநிலத்துடையதா?" இந்தக் கேள்விகளைக் கேட்கும்படி எங்களைத்தான் உட்கார வைக்கிறார்கள்.

2005-இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டத்தில், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கும்தான் உதவித்தொகை. சொந்த மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவர், பிழைக்கப் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்கும் பூர்வீகம் தமிழ்நாடு என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. தீண்டாமை ரயிலேறி அவள் கூடவே வருகிறது. சலுகை மட்டும் எல்லையில் இறங்கிக்கொள்கிறது!

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கத்தையும் எந்தத் திட்டமும் எண்ணிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் இங்கே பதிவு, பிறகு அங்கே போனால், "இத்தனை மாதம் எங்கே இருந்தாய்?" என்று கேள்வி. இரண்டு ஊரிலும் அவள் அயலூர்க்காரி.

ஆனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், காகிதத்தைக் காரணம் காட்டி எந்தக் கர்ப்பிணிக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது, ஏழை என்று நிரூபிக்கும் சுமையை ஏழை மேலேயே ஏற்றுவது தகாது என்று தெளிவாகச் சொன்னது. 2011 ஜூனில் வந்த திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். உதவித்தொகை வேறு, சிகிச்சை வேறு. தொகைக்குக் காகிதம் கேட்கலாம். சிகிச்சைக்குக் கேட்கக் கூடாது.

மருத்துவச்சிகள் சேர்ந்து நின்றபோது

உத்தரவு போடுவது நிர்வாகம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குடும்பமும் போடும். பெண் குழந்தை பிறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியாரை, "ஸ்கேனில் என்ன தெரிஞ்சது, காதோரம் சொல்லு சிஸ்டர்" என்று ஐந்நூறு ரூபாயை மடித்து நீட்டும் மாமனாரை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தச் சோதனைக்கு எதிராக நாட்டிலேயே முதலில், 1988-இல், சட்டம் கொண்டுவந்தது மகாராஷ்டிரம் என்பது இந்த மாநிலத்துக்குப் பெருமை.

பீகாரின் கதிஹார் மாவட்டத்து நாட்டு மருத்துவச்சிகளின் கதை 2024-இல் பிபிசி ஆவணப்படமாக வெளிவந்தது. 1990-களில் பதிவு செய்த பேட்டிகள் அவை. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும்படி குடும்பத்தார் பணம் காட்டியும் மிரட்டியும் தங்களைக் கட்டாயப்படுத்தியதை அந்தக் கிழவிகள் வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்கள் நிலமற்ற ஏழைகள்; ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். தொப்புள் கொடி அறுப்பது தீட்டு என்று ஒதுங்கிக்கொண்ட மேலோர், அந்தத் தீட்டையும் பாவத்தையும் சேர்த்து அவர்கள் கையில் கொடுத்தார்கள். நம் ஊர் மருத்துவச்சிக்கும் திண்ணை வரையில்தானே இடம் இருந்தது?

அந்தக் கதையின் மறுபாதியைத்தான் இன்று வலியுறுத்த விரும்புகிறோம். ஒரு சமூக சேவகி அவர்களோடு உட்கார்ந்து பேசினார். உங்கள் சொந்த மகளுக்கு இதைச் செய்வீர்களா என்று கேட்டார். தனித்தனியே பயந்து கிடந்தவர்கள் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். பிறகு அதே கைகள் பெண் சிசுக்களைக் கொல்லாமல் வெளியே கொண்டுவந்து, அந்தச் சமூக சேவகியிடம் ஒப்படைத்தன. சில உயிர்கள் பிழைத்தன. படிப்பில்லை, சட்டம் துணைக்கு வரவில்லை, போலீஸ் வரவில்லை. சேர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். தனியாக நின்ற மனச்சாட்சிக்கு நடுக்கம் இருந்தது. கூட்டாக நின்றபோது அதற்குக் கால் முளைத்தது.

மௌனம் யாரைத் தின்கிறது?

இந்த வேதனையைச் சொல்ல இடமில்லாவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கிறது. சிலர் வேலையை விட்டுப் போகிறார்கள்; நல்ல கை ஒன்று குறைகிறது. சிலர் நோயில் விழுகிறார்கள். தூக்கம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிலர் கல்லாகிவிடுகிறார்கள். பிரசவ மேஜையில் கிடப்பவளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசும் செவிலியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை. வலியில் துடிக்கும் பெண்ணைத் திட்டவும் அடிக்கவும் உலகத்தில் யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தக் கல் எங்கே தயாராகிறது என்பதைக் கேட்க வேண்டும். தோல் பதனிடும் தொட்டியில் நின்றவன் கையில் சுண்ணாம்பு ஏறாதா? அதுபோல்தான்.

தாய்மார்களே! வார்டில் ஏதாவது தவறு நடந்தால் உங்கள் கோபம் முதலில் யார் மேல் பாய்கிறது? எதிரில் நிற்கும் சிஸ்டர் மேல். அவள் கன்னத்தில் அறை விழுகிறது. அந்த நேரத்தில் ஆள் போடாத அதிகாரியும், மருந்து வாங்காத அதிகாரியும், லாபத்தைக் கணக்குப் பார்க்கும் முதலாளியும் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறார்கள். உங்கள் கோபம் நியாயமானது. அதன் திசையை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம். நோயாளியும் செவிலியரும் அடித்துக்கொள்ளும் வரைக்கும் மேலே இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை.

என்ன செய்வோம்?

இந்தக் கூட்டத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். சங்கம் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப வேண்டும்.

முதலாவது, தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வரும் மருத்துவமனைகளில் சம்மதப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். மொழிபெயர்க்கும் வேலைக்குத் தனி ஆள் வேண்டும். கையில் கத்தரி பிடித்திருப்பவளையே துபாஷியாகவும் ஆக்கக் கூடாது.

இரண்டாவது, பிரசவ அறைக் காலியிடங்களை நிரந்தரப் பணியாக நிரப்ப வேண்டும். ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் உண்டு என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை ஒப்பந்தச் செவிலியருக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, இது தவறு என்று சொல்லும் செவிலியரைப் பழிவாங்காத ஏற்பாடு வேண்டும். மாதம் ஒருமுறை டாக்டர், செவிலியர், ஆயா எல்லோரும் சமமாக உட்கார்ந்து, நடந்ததைப் பேசும் கூட்டம் வார்டிலேயே நடக்க வேண்டும்.

நான்காவது, மருத்துவச்சிப் பணியைத் தனிப் படிப்பாகவும் தனிப் பதவியாகவும் வளர்க்க மத்திய அரசு 2018 டிசம்பரில் வகுத்த நெறிமுறையை ஏட்டோடு நிறுத்தக் கூடாது. இயல்பான பிரசவத்தை முழுப் பொறுப்போடு நடத்தும் அதிகாரம் பயிற்சி பெற்ற கைகளுக்கு வர வேண்டும். பொறுப்பு மட்டும் எங்களுக்கு, அதிகாரம் மட்டும் மற்றவருக்கு என்ற நிலையில்தான் மனச்சாட்சி நசுங்குகிறது.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆறாம் மாதத்திலேயே சங்கத்துக்கு வாருங்கள். படிவங்களில் என்ன இருக்கிறது என்று வலி வரும் முன்பே, அமைதியாக உட்கார்ந்து, தமிழில் படித்துச் சொல்கிறோம். எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்பதைப் பெண்ணே முடிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். துணைக்கு ஒருத்தியை உள்ளே விடுங்கள் என்று கேளுங்கள். சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டாம், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, சங்க அலுவலகத்தில் எங்களில் இருவர் இதற்காகவே இருப்போம். இரவு டியூட்டி முடித்து வருகிற செவிலியர் சகோதரிகளும் வரலாம். மனதில் உள்ளதைச் சொல்ல ஓர் இடம் அவர்களுக்கும் வேண்டும்.

தோழர்களே! பிறக்கிற குழந்தைக்கு மாநிலம் தெரியாது, மொழி தெரியாது, சாதி தெரியாது. அதை முதலில் ஏந்துவது எங்கள் கைகள். அந்தக் கைகளில் விலங்கு இருக்கக் கூடாது என்று கேட்கிறோம். இந்தக் கோரிக்கையை உங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மே மாதம் ஊர்வலம் புறப்படும்போது, செவிலியர் பதாகை தனியாகக் கடைசியில் வராமல், தோல் தொழிலாளரின் பதாகைக்குப் பக்கத்தில் வரட்டும்.